இரண்டு டன் இரும்பை வீட்டுக்குக் கொண்டுபோகும் தம்பிக்கு



பெங்களூர் பீனியாவில் ஒரு ஷெட்டில் இருக்கும் பழைய ஹெச்.எம்.டி. லேத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். வரும் ஞாயிற்றுக்கிழமை தெரிந்தவருடைய டாட்டா ஏஸில் ஏற்றி, கோலார் தங்கவயலில் இருக்கும் உன் அப்பா வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகவும் எழுதியிருந்தாய். படித்து முடித்த கையோடு பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். முதல் வேலையாக அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தைத் தள்ளிப்போடு. பணம் கொடுத்துவிட்ட மெஷின் எங்கும் ஓடிப்போகாது. இன்னும் இரண்டு வாரம் அந்த ஷெட்டிலேயே இருக்கட்டும் என்று உரிமையாளரிடம் பேசு. கேட்டால் சிறிது வாடகையும் கொடு.

நீ வாங்கியிருக்கும் ஹெச்-22 ஏறக்குறைய இரண்டு டன் எடை இருக்கும். டாட்டா ஏஸ் முறையாகச் சுமக்கக்கூடியது முக்கால் டன். "பார்த்துக்கலாம் அண்ணா, மெதுவாப் போயிடலாம்" என்று வண்டிக்காரர் சொல்லியிருப்பார். வண்டி நகரத்தான் செய்யும். பிரேக் பிடிக்குமா, வளைவில் நிற்குமா என்பதுதான் கேள்வி. ஹொசகோட்டேயைத் தாண்டியதும் கோலார் சாலையில் பின்னால் வரும் லாரிகளின் வேகம் உனக்குத் தெரியும். டாட்டா 407 அளவு வண்டியும் இதற்குக் கிட்டத்தட்ட எல்லைதான். பதினான்கு அடி ஐஷர் எடுத்துக்கொண்டால் எடைக்கும் இடத்துக்கும் நிம்மதி. வாடகை வித்தியாசம், நீ மெஷினுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பங்குதான்.

மெஷினை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். 1953-இல் சுவிட்சர்லாந்தின் ஓர்லிக்கான் நிறுவனத்தின் கூட்டுறவோடு ஜாலஹள்ளியில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் செய்த மெஷின்தான் ஹெச்-22. அதற்கும் முன்பே, 1941-இல், ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் லேத் செய்ய வந்துவிட்டது. இந்த இரண்டு பெயர்ப் பலகை மாட்டிய மெஷின்களில்தான் பெங்களூரின் இரண்டு மூன்று தலைமுறை டர்னர்கள் கை பழகினார்கள். அவர்களில் நம் தமிழ் ஆட்கள் ஏராளம். சி.என்.சி. வந்த பிறகு இந்த லேத்துகள் மூலைக்குப் போயின. மூலையிலிருந்து கிலோ விலைக்கு ஜாலி மொஹல்லாப் பக்கம் உடைப்புக்குப் போகின்றன. அப்படிப் போகாமல் ஒன்றை நீ காப்பாற்றியிருக்கிறாய். பகலில் ஜாப் ஒர்க், இரவில் உன் நீராவி எஞ்சின் மாதிரிகள் என்று நீ எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இந்தக் கடிதம் நீண்டுபோவதற்கும் அதுதான் காரணம். நாற்பது வருடம் உழைத்துத் தேயாத லேத், நாலு மணி நேர இடமாற்றத்தில் உடைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். வார்ப்பிரும்பு அப்படிப்பட்டது. அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இழுவையையும் அடியையும் தாங்காது, வளையாமல் சட்டென்று விட்டுவிடும்.

உன் கடிதத்தில் மெஷினைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. அது போய் நிற்கப்போகும் இடத்தைப் பற்றி இருப்பது ஒரே வரி: "அப்பா வீட்டு முன்பக்கத்தில் வைத்துக்கொள்வேன்." நான் தலைகீழாக ஆரம்பிக்கச் சொல்கிறேன். லேத் நிற்கப்போகும் இடத்தில் சாக்கட்டியால் அதன் அடிப்பாகத்தைத் தரையில் வரை. அங்கிருந்து வாசல், வாசலிலிருந்து தெரு, தெருவிலிருந்து மெயின் ரோடு என்று பின்னோக்கியே நட. ஒவ்வொரு இடத்திலும் டேப்பை வை. கடைசியில்தான் பீனியா ஷெட்டுக்கு வந்து சேரவேண்டும். இப்படிப் பார்க்காமல் கிளம்புகிறவர்களுக்கு நூறு கிலோமீட்டர் பயணமும் சுகமாக முடிந்து, கடைசி இருபது அடியில் சிக்கல் வரும். பொழுது சாய்ந்திருக்கும், கிரேன்காரர் மணிக்கணக்கு எண்ணிக்கொண்டிருப்பார், ஆட்களுக்குப் பசி. கை கால் நசுங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

தரையை முதலில் பார். குடியிருப்பு அறையின் தளத்தை நம் கட்டுமானத் தர விதிகள் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குத்தான் கணக்கிடுகின்றன. உன் லேத் இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று வைத்தாலே, சதுர மீட்டருக்கு 800 கிலோ ஆகிறது. அந்தச் சுமையும் பரவி இறங்காமல், இரண்டு கால்களின் வழியாக இறங்கும். ஆகவே மாடியில் வைக்கும் பேச்சே வேண்டாம். மண்மேல் நேராகப் போட்ட கான்கிரீட் தரைதான் வேண்டும். டைல்ஸ் ஒட்டியிருந்தால் கால் வரும் இடங்களில் பெயர்த்துவிடு.

அடுத்தது, யாரும் கேட்காத கேள்வி: சம்ப் எங்கே இருக்கிறது? பெங்களூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வீடு கட்டும்போது முன்பக்கக் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில்தான் தண்ணீர்த் தொட்டியைத் தோண்டுகிறார்கள். மேலே நாலைந்து அங்குல ஸ்லாப் போட்டு, சிமெண்ட் பூசி, டைல்ஸும் ஒட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரிவது ஒரு சின்ன இரும்பு மூடி மட்டும்தான். கார் ஏறி நின்ற ஸ்லாப்தானே என்று நினைக்காதே. காரின் எடை நாலு டயரில், ஓர் அறையின் அகலத்துக்குப் பரவி நிற்கிறது. உருளைகளின்மேல் போகும் லேத்தின் எடை முழுவதும் ஒரு நேரத்தில் இரண்டு இரும்புக் குழாய்களின் கோட்டில் இறங்கும். கிரேனின் முன்சக்கரத்தில் இறங்குவது அதைவிட அதிகம். சம்பின் நாலு மூலையும் எங்கே வருகிறது என்று அப்பாவிடமோ வீடு கட்டிய மேஸ்திரியிடமோ கேட்டுத் தரையில் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டுவிடு. அந்தக் கோட்டுக்குள் மெஷினும் வரக்கூடாது, கிரேனும் வரக்கூடாது. கழிவுநீர்க் குழி, பழைய சாக்கடை மூடி எல்லாவற்றுக்கும் இதே கோடு.

பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார். தங்கவயலின் பழைய சந்துகளில் மின்கம்பிகள் எவ்வளவு தாழ்வாகத் தொங்கும் என்பது என்னைவிட உனக்குத் தெரியும். கிரேனின் கை அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கம்பிக்குக் கீழே கிரேன் வேலை என்று தெரிந்தால் முன்கூட்டியே மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அந்த ஒரு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தச் சொல். முடியாது என்றால் கிரேனைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, மிச்ச தூரத்தை உருளையில் தள்ளிக்கொண்டு போகலாம். நேரம் பிடிக்கும், ஆனால் பாதுகாப்பான வேலை.

கனத்த இரும்பை நகர்த்தும் கதைகள் உன் ஊருக்குப் புதிது இல்லை, தம்பி. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரம் அருவியிலிருந்து தங்கவயலுக்கு முதன்முதலாக மின்சாரம் வந்தது. ஏறக்குறைய 147 கிலோமீட்டர் நீளக் கம்பி வழியாக. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் டி லோட்பினியேர் என்ற பொறியாளர் முன்வைத்த திட்டம் அது. ஜெனரேட்டர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்தும், டர்பைன்கள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ்ஸிலிருந்தும் வந்தன. கப்பலிலும் ரயிலிலும் மத்தூர் வரை வந்த அந்தப் பாரங்களை அங்கிருந்து அருவிக்கரைக்கு இழுத்துக்கொண்டு போனவை மாட்டுவண்டிகளும் யானைகளும். ஹைட்ரா கிரேன் இல்லை, ராட்செட் பெல்ட் இல்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இரும்பையும் மரத்தையும் இறக்கியதும் உன் ஊர்க்காரர்கள்தான். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டாலும், அந்தக் கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன. உன் தெருவில் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் இந்தத் திட்டத்தை ஒருமுறை அவரிடம் சொல்லிக் காட்டு. பாரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்வார்கள்.

இனி பீனியா ஷெட். மெஷினைப் பிரிப்பதற்கு முன் கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல். எல்லா வேகத்திலும் எல்லா ஃபீடிலும் ஓடட்டும். கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள். நாளைக்கு ஒரு கியர் சத்தம் போட்டால் அது பழைய சத்தமா, வழியில் வந்த சத்தமா என்று தெரிய இதுதான் சாட்சி. பேனலைத் திறந்து ஒவ்வொரு ஒயரையும் படம் எடு, டேப் ஒட்டி எண் எழுது, அதன் பிறகு கழற்று. சக், டூல் போஸ்ட், ஸ்டெடி, சேஞ்ச் கியர்கள், சாவிகள் எல்லாவற்றையும் தனிப் பெட்டியில் போட்டுப் பட்டியல் எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கு. சேஞ்ச் கியர் ஒன்று குறைந்தால் பழைய லேத்துக்குத் தேடி அலைவது பெரும்பாடு. சக்கைக் கழற்றும்போது அடியில் பெட்டின்மேல் ஒரு மரப்பலகை வை. தனி ஆளாக இறக்காதே; நான்கு ஜா சக் ஒன்று முப்பது கிலோவுக்கு மேலேயும் இருக்கும், அது விழுந்தால் கைவிரலும் போகும், பெட்டும் போகும்.

ஹெட்ஸ்டாக் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் வடித்துவிடு. வழியில் ஒழுகிய ஆயில் லாரித் தளத்தில் பரவினால், மெஷினுக்கு அடியில் உள்ள கட்டை வழுக்க ஆரம்பிக்கும். பெட், ஸ்க்ரூ என்று பளபளக்கும் இடத்திலெல்லாம் கிரீஸ் தடவிவிடு, மழைக்காலம் இது. விற்பனைக்குப் பில் கேட்டு வாங்கு. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் தேவைப்படும்; 2018-இலிருந்து கர்நாடகத்துக்கு உள்ளேயே போகும் சரக்குக்கும் இந்த விதி உண்டு. விற்பவரிடம் அதைப் பேசி முடித்துவிடு. வழியில் நிறுத்திக் கேட்டால் டிரைவர் திண்டாடக்கூடாது.

லேத்தின் எடை நடுவில் இல்லை என்பதை மறக்காதே. ஹெட்ஸ்டாக் பக்கம் கனம் அதிகம். அடிப்பாகம் குறுகல், பாரம் மேலே. அதனால் நீளவாக்கில் அது நன்றாக நிற்கும். பக்கவாட்டில் சாய்ந்தால் திரும்பி வராது. தூக்குவதற்கு முன் டெயில்ஸ்டாக்கையும் கேரேஜையும் வலது கோடிக்குத் தள்ளி இறுக்கிப் பூட்டு. அப்படிச் செய்தால் ஹெட்ஸ்டாக்கின் கனத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் கனம் சேரும். தூக்கும் பெல்ட்டுகள் பெட்டுக்கு அடியில் போகவேண்டும். லீட் ஸ்க்ரூவிலும் ஃபீட் ராடிலும் பட்டு அழுத்தக்கூடாது. இதை எல்லோருக்கும் சொல், சொன்ன பிறகும் நீயே குனிந்து பார். பழைய லேத்துகளில் லீட் ஸ்க்ரூ வளைந்திருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் என்றோ ஒருநாள் அவசரத்தில் போட்ட சிலிங்தான். பெட்டின் விளிம்பில் பெல்ட் தொடும் இடத்தில் மரத்துண்டோ தடித்த ரப்பரோ வைக்கவேண்டும்.

பாலியெஸ்டர் சிலிங் பெல்ட்டுகளுக்கு நிறம் உண்டு: ஊதா ஒரு டன், பச்சை இரண்டு டன், மஞ்சள் மூன்று டன். உன் வேலைக்கு மஞ்சள் கேள். லேபிள் கிழிந்த பெல்ட், ஓரம் நைந்த பெல்ட், கருகிய பெல்ட் என்ன நிறமாக இருந்தாலும் திருப்பிக் கொடு. இரண்டு பெல்ட்டுகள் செங்குத்தாகத் தூக்கினால் தலா ஒரு டன் தாங்கும். தரைக்கு அறுபது டிகிரியில் சாய்ந்தால் தலா 1.15 டன். முப்பது டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு இரண்டு டன்னையும் தாங்கவேண்டி வரும். அதோடு பெல்ட்டுகள் உள்நோக்கி நெரித்து, நடுவில் இருப்பதை நசுக்கும். ஷெட்டின் கூரை தாழ்வு என்று குட்டையான பெல்ட் போட்டுத் தூக்க முயன்றால் இதுதான் நடக்கும். கூரை இடம் கொடுக்காவிட்டால் ஷெட்டுக்கு உள்ளே தூக்காதே. உருளையில் வெளியே கொண்டுவந்து தூக்கு.

முதல் தூக்கு ஓர் அங்குலம்தான். அங்கேயே நிறுத்தி எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பார். தாழ்ந்தால் இறக்கி, பெல்ட்டை நகர்த்தி, மறுபடியும் ஓர் அங்குலம். நேராக நிற்கும்வரை இப்படியே. நல்ல மேஸ்திரி இதற்குச் சலித்துக்கொள்ள மாட்டார். சலித்துக்கொள்கிறவரை வேலைக்கு வைக்காதே.

பெங்களூரில் எல்லோரும் ஹைட்ராவைத்தான் கூப்பிடுகிறார்கள். நல்ல வண்டிதான், ஆனால் அது நடுவில் மடங்கித் திரும்புகிற வண்டி. சுமையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பும்போதும் சரிவில் இறங்கும்போதும் அதன் நிலைத்தன்மை குறைகிறது. ஆகவே லாரி கிரேனிடம் வரட்டும். கிரேன் சுமையோடு ஊர்வலம் போகவேண்டாம். தொங்கும் லேத்தின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, இரண்டு பேர் எட்டி நின்று பிடித்து ஆட்டத்தை அடக்கட்டும். லேத்தைக் கையால் தள்ளித் திருப்ப யாரையும் விடாதே.

தம்பி, இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது மறக்கக்கூடாது: சாய்கிற மெஷினைப் பிடிக்கக்கூடாது. இரண்டு டன் சாய ஆரம்பித்துவிட்டால் பத்துப் பேராலும் நிறுத்த முடியாது. ஆனால் மனித உடம்புக்கு ஒரு பழக்கம், எது விழுந்தாலும் கை தானாக நீளும். அந்தப் பழக்கத்தை முன்கூட்டியே பேசி உடைக்கவேண்டும். வேலை ஆரம்பிக்கும் முன் எல்லோரையும் நிறுத்தி உரக்கச் சொல்: "விழுந்தா விட்டுடுங்க. மெஷின் என்னோடது, நஷ்டம் என்னோடது. ஓடுங்க." காசு கொடுத்து வாங்கினவன் வாயால் இதைக் கேட்டால்தான் அவர்கள் நம்புவார்கள். இல்லாவிட்டால், உடைந்தால் நம் தலையில் விழும் என்று பயந்து அந்த ஏழை மனிதர்கள்தான் தோள் கொடுக்கப் போவார்கள். ஒவ்வொருவரும் ஓடுவதற்கு வழி இருக்கிறதா என்று பார். சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் யாரும் நிற்கக்கூடாது. அப்பாவையும் பக்கத்து வீட்டுப் பையன்களையும் வாசலுக்கு வெளியே நிறுத்து; ஆசையில் கை கொடுக்க வருகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

மெஷின் ஷிஃப்டிங் செய்கிற குழுக்கள் பீனியாவிலும் ராஜாஜிநகர்ப் பக்கமும் இருக்கின்றன. அவர்களில் பலர் செருப்பு மட்டும்தான் போட்டு வருவார்கள். நாலைந்து ஜோடி முன்முனை இரும்பு வைத்த ஷூ வாங்கி வை. வேலை முடிந்ததும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். லேத்தின் விலையோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. கூலி பேசும்போது "எவ்வளவு சீக்கிரம்" என்று பேசாதே. முழு நாள் கூலி என்று பேசு. சீக்கிரம் முடித்தால் லாபம் என்ற நிலையில் நீயே அவர்களை அவசரப்படுத்தியவன் ஆவாய். குரல் கொடுப்பது ஒருவர் மட்டும், மேஸ்திரி. "நிறுத்து" என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னதும் எல்லோரும் நிற்கவேண்டும். கன்னடம், தமிழ், இந்தி பேசுகிறவர்கள் கலந்திருப்பார்கள். எந்தச் சொல்லுக்குத் தூக்குவது, எதற்கு இறக்குவது என்று வேலைக்கு முன்பே ஒத்துக்கொள்ளுங்கள்.

லாரியில் ஏற்றுவதற்கு முன் லேத்தை இரண்டு நீள மரச்சட்டங்களின்மேல் வைத்து, கால்களில் இருக்கும் துளைகள் வழியாகப் போல்ட் போட்டுச் சட்டத்தோடு பிணைத்துவிடு. சட்டங்கள் மெஷினின் அகலத்தைவிட வெளியே தள்ளி இருக்கவேண்டும். குறுகிய அடிப்பாகம் இதனால் அகலமாகிறது. பக்கவாட்டில் சாயும் ஆபத்தில் பாதியை இந்த இரண்டு சட்டங்களே தீர்த்துவிடும். பிறகு இறக்கும்போதும் உருளைகள் மரத்துக்கு அடியில்தான் போகும், வார்ப்பிரும்பில் படாது. ஹெட்ஸ்டாக் டிரைவர் கேபின் பக்கம் இருக்கட்டும். லாரியின் இரும்புத் தளத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் ஷீட் போட்டால் வழுக்கல் வெகுவாகக் குறையும்.

கட்டுவதற்குத் தேங்காய்நார்க் கயிறு, நைலான் கயிறு எல்லாம் போதாது. நைலான் இழுபடும், ஒரு ஹம்ப் ஏறி இறங்கினால் தளர்ந்துவிடும். ராட்செட் பெல்ட் நாலு, மூலைக்கொன்றாகக் குறுக்கே இழுத்துக் கட்டு. பெட்டிலும் கால்களிலும் கட்டவேண்டும். கை வீல், ராட், மோட்டார் எதையும் பெல்ட் தொடக்கூடாது. ஐரோப்பாவில் சுமை கட்டுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: முன்பக்கம் நழுவாமல் இருக்க எடையில் எண்பது சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்னாலும் பாதி எடை விசையையும் கட்டு தாங்கவேண்டும். உன் லேத்துக்கு அது முன்னோக்கி 1.6 டன். திடீர் பிரேக் ஒன்றில் வருகிற விசை அது. கேபின் சுவர் அதைத் தாங்கும் என்று நம்பாதே; கேபினுக்குள் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். சட்டங்களின் முன்னால் குறுக்குக் கட்டை வைத்து ஆப்பு அடித்துவிடு.

பெங்களூருக்குள் காலை மாலை நெரிசல் நேரத்தில் சரக்கு வண்டிகளுக்குத் தடை உண்டு. டிரைவரிடம் வழியையும் நேரத்தையும் பேசி முடிவு செய். விடிவதற்கு முன் கிளம்பி ஹெப்பாள், டின் ஃபேக்டரி தாண்டிவிட்டால் நல்லது. ஆனால் அதற்காக முந்தின இரவே தூக்கி ஏற்றும் வேலையை இருட்டில் செய்யாதே. பகலில் ஏற்றி, கட்டி, வண்டியை ஷெட்டுக்குள் நிறுத்தி வை. நீ டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போ. கிளம்பி ஐந்து கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பெல்ட்டையும் இறுக்கிப் பார். மரமும் ரப்பரும் அமர்ந்து கட்டு நிச்சயம் தளர்ந்திருக்கும். ஹொசகோட்டே தாண்டி இன்னொரு முறை, பங்காரப்பேட்டையில் இன்னொரு முறை. பின்னால் லோடோடு ஆட்கள் யாரும் உட்காரக்கூடாது. "புடிச்சிக்கிட்டு வரோம் சார்" என்பார்கள். வேண்டாம், அவர்களுக்கு ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்துக் கொடு.

வீட்டு வாசலில் இறக்கிய பிறகு உருளை வேலை. ஒரே அளவுக் குழாய்கள் ஐந்தாறு வேண்டும், ஒன்றரை அங்குலத்தில் கனமானவை. மூன்று எப்போதும் அடியில் இருக்கவேண்டும். பின்னால் விடுபட்டதை எடுத்து முன்னால் வைக்கவேண்டும். கோணிய குழாயை விரலால் திருப்பக்கூடாது, சுத்தியலால் தட்டித் திருப்பவேண்டும். தேர் இழுக்கும்போது முட்டுக்கட்டை போடுகிறவரைக் கவனித்திருப்பாய். கட்டைக்கு நீண்ட கைப்பிடி இருக்கும், அவர் உடம்பு சக்கரத்தின் பாதையில் இருக்காது, ஆனால் இத்தனை பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அவர்தான். உருளையில் போகும் லேத்துக்கும் அப்படி ஒருவர் வேண்டும், கையில் ஆப்போடு, பக்கவாட்டில். வாசலில் சரிவு இருந்தால் பின்னால் ஒரு செயின் பிளாக்கோ, தூணைச் சுற்றிய கயிறோ பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கும்போது ஒரு முனை மட்டும், அரை அங்குலம் அரை அங்குலமாக. ஜாக்கி ஏறும் உயரத்துக்குக் கட்டையும் கூடவே ஏறட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதே. மழை பெய்தால் நிறுத்து. தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, மறுநாள் பார்.

இடத்தில் வைத்ததும் ஓட்டிப் பார்க்க மனம் துடிக்கும். ஒருநாள் பொறு. மும்முனை இணைப்பு இல்லாமல் அந்த மோட்டார் ஓடாது. பெஸ்காமில் விண்ணப்பத்தை இப்போதே கொடுத்துவிடு, மெஷின் வந்து சேர்ந்த பிறகு அல்ல. புது இணைப்பில் ஃபேஸ் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். முதலில் சக் மாட்டாமல், ஆயில் ஊற்றி, கண்ணாடியில் மட்டம் பார்த்து, ஒரு நொடி தட்டி விட்டு நிறுத்து. திசை சரிதானா, ஆயில் ஏறுகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது.

லெவல் பார்க்க, மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் காட்டும் துல்லிய லெவல் வேண்டும். கட்டிடக்காரர்களின் ரசமட்டம் உதவாது. உனக்குத் தெரிந்த டூல் ரூம் யாரிடமாவது இரவல் கேள். ஹெட்ஸ்டாக் அருகில் ஒருமுறை, வலது கோடியில் ஒருமுறை, இரண்டும் பெட்டுக்குக் குறுக்காக. இரண்டும் ஒரே எண் காட்டவேண்டும். இல்லாவிட்டால் பெட் முறுக்கியிருக்கிறது. 1927-இல் ஜெர்மானியப் பேராசிரியர் கியோர்க் ஷ்லெசிங்கர் இந்தச் சோதனைகளையெல்லாம் வரிசைப்படுத்தி வெளியிட்டார். இன்றும் எந்த லேத்தின் சோதனைத் தாளை எடுத்தாலும் அந்த வரிசையின் சாயல் தெரியும். லெவல் சரியானதும், டெயில்ஸ்டாக் இல்லாமல் ஒரு தடித்த ராடில் இரண்டு காலர் கடைந்து விட்டத்தை மைக்ரோமீட்டரில் ஒப்பிட்டுப் பார். வித்தியாசம் இருந்தால் காலுக்கு அடியில் ஷிம் வைத்துத் திருத்தலாம். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை லெவல் பார். புதுப் பாரத்துக்குத் தரை கொஞ்சம் அமரும்.

செலவுக் கணக்கு ஒன்று போட்டேன். ஐஷர், கிரேன் இரண்டு இடத்திலும், ஆட்கள், பெல்ட், சட்டம், ஷூ, லெவலுக்கு ஒரு நாள் என்று சேர்த்தால், உன் கையிலிருக்கும் பணத்தில் கொஞ்சம் துண்டு விழும் என்று தோன்றுகிறது. அப்படியானால் இரண்டாவது சக், கிரைண்டர் என்று எதையும் இப்போது வாங்காதே. அவை பிறகு கிடைக்கும். இடமாற்றச் செலவில் மட்டும் கை வைக்காதே. தேவையானால் என்னிடம் கேள், கடனாகத் தருகிறேன், வேலை வந்த பிறகு திருப்பிக் கொடு.

இன்றைக்கே டாட்டா ஏஸ் வண்டிக்காரரிடம் பேசி ஞாயிற்றுக்கிழமையை ரத்து செய்துவிடு. இந்த வாரம் ஊருக்குப் போய், வாசல் அகலம், சந்து அகலம், சம்பின் நாலு மூலை, மின்கம்பி உயரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்த ஷிஃப்டிங் மேஸ்திரியோடு உன்னைப் பேச வைக்கிறேன். அவரும் தமிழ்தான், ஸ்ரீராம்புரத்துக்காரர்.

அன்புடன்,
உன் அண்ணன்